கேத வீட்டு லைன்

என்னுடைய கம்பெனி ஒரே ஒரு அறை. கறம்பக்குடி ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் முக்கத்தில், டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. முதலாளி நான், லைன்மேன் நான், திட்டு வாங்குகிறவனும் நான். முன்பு கேபிள் டிவி நடத்தினேன். அதே கம்பத்தில் அதே ஏணியைச் சாத்தி இப்போது இன்டர்நெட் நடத்துகிறேன். பெரிய கம்பெனி ஒன்றிடம் மொத்தமாக லைன் வாங்கி, சுற்றுப்பட்டு வீடுகளுக்குச் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பதுதான் தொழில். அரிசி மண்டி மாதிரி. என்ன, மூட்டை கண்ணுக்குத் தெரியாது. குறைந்தால் மட்டும் ஊருக்கே தெரிந்துவிடும்.

பிரித்துக் கொடுக்கிற பெட்டிக்கு ரவுட்டர் என்று பெயர். எந்த வீட்டுக்கு எந்த வழி என்று கைகாட்டும் டிராபிக் போலீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழில் தொடங்கியபோது கம்பெனி ரவுட்டர் ஒன்றுக்கு விலை கேட்டேன். விலை சொன்னவரே எனக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஓப்பன் சோர்ஸ் பக்கம் போனேன். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்திக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிற மென்பொருள். நான் எடுத்துக்கொண்டேன். திருத்தவில்லை. பயம்.

மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அதில் அந்த மென்பொருளை ஏற்றினேன். பச்சை விளக்குகள் மினுக்க ஆரம்பித்தன. வீடுகளுக்கு நெட் போனது. நான் செய்ததுதான் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அதில் ஒரு விஷயம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் இதனால்தான். அந்த மென்பொருளுக்கு எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதலில் 'கமிட்'. அப்படிச் சொன்னால் உடனே செய்ய ஆரம்பித்துவிடும். ஆனால் மனதில் வைத்துக்கொள்ளாது. பிறகு 'சேவ்' என்று சொன்னால்தான் டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். சேவ் சொல்லாமல் மின்சாரத்தை நிறுத்தினால், கடைசியாக எழுதி வைத்தது எதுவோ அந்த நிலைக்குத் திரும்பிப் போய்விடும்.

இந்த வசதியை நான் கோழைத்தனத்துக்குப் பயன்படுத்திக்கொண்டேன். புதிதாக எதைச் செய்தாலும் கமிட் மட்டும் சொல்வேன். சேவ் சொல்ல மாட்டேன். ஏதாவது தப்பாகப் போனால் சுவிட்சை அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடுமே என்ற எண்ணம். நாளைக்குப் பார்த்து எல்லாம் சரியாக இருந்தால் சேவ் பண்ணிக்கொள்ளலாம் என்பேன். மறுநாள் இன்னொன்றைச் செய்வேன். அதற்கும் அப்படியே. பேட்டரி நல்ல பேட்டரி. கரண்ட் போனாலும், இடி இடித்தாலும், புயல் வந்து தென்னைகளைச் சாய்த்தாலும் பெட்டி நின்றதே கிடையாது. நிற்காததால் சேவ் பண்ண வேண்டிய அவசியமும் வரவில்லை. பெட்டி நிற்காதது என் திறமை என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மட்டும் நம்பவில்லை. அவன் குவைத்தில் கட்டட வேலை செய்கிறான். வீடியோவில் ஆத்தாவோடு பேசும்போது படம் கொஞ்சம் இழுத்தால் போதும், "ஏன்டா, ஓசி சாப்ட்வேரு படுத்துருச்சா?" என்பான். ஆத்தா, "அவன வையாத, அதுவும் பாவம் ஓடிக்கிட்டுத்தானே கெடக்கு" என்பாள். அவள் பரிந்து பேசுவது எனக்கா பெட்டிக்கா என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆத்தாதான் ஐப்பசியில் ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். சளி என்று படுத்திருந்தவள். காப்பி கொண்டுபோய் எழுப்பினேன். எழவில்லை.

அழுகை வரவில்லை. வராதது பற்றிக் கவலையும் வரவில்லை. உடம்புக்குள் யாரோ ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. ஐஸ் பெட்டி வந்து இறங்கியதும், அது எத்தனை வாட் இழுக்கும், வீட்டு ஒயரிங் தாங்குமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். யார் வீட்டுக் கேதம் என்று வெளியூர்க்காரன் பார்த்தால் குழம்பியிருப்பான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எங்கள் ஊரில் செல்போன் டவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். பேச்சு கொள்ளும், படம் கொள்ளாது. அதனால்தான் எனக்குத் தொழிலே நடக்கிறது. அண்ணன் போனை வைத்துவிட்டான். பிறகு அவனே கூப்பிட்டு, "லீவு கேட்டேன். இன்னைக்குக் கெளம்ப முடியாதுன்னுட்டாங்கடா. எனக்காகப் போட்டு வைக்க வேணாம். ஆனா மதியம் ரூமுக்குப் போயி வீடியோவுல வாரேன். மொகத்தப் பாக்காம எடுத்துறாதீங்க" என்றான்.

"சரிண்ணே."

"ஒன் லைனு இருக்கும்ல?"

"அதெல்லாம் இருக்கும். அது என்னைக்கு நின்னுருக்கு?"

இதைச் சொன்ன வாயைத்தான் நான் அப்புறம் பலமுறை நினைத்துப் பார்த்தேன்.

ஆத்தாவின் தம்பி, எங்கள் தாய்மாமா, வந்ததும் வானத்தைப் பார்த்தார். மழை கட்டிக்கொண்டு நின்றது. "வெறகு நனைஞ்சா வம்பு மாப்ள. மழைக்கு முன்னாடி எடுத்துறணும்" என்றார். அண்ணன் வீடியோவில் வந்து பார்க்கட்டும், அதுவரை பொறுப்போம் என்றேன். "அவன் வந்து பாக்கட்டும். மழ பொறுக்கணுமே" என்றார்.

மதியம், அண்ணன் வருகிற நேரத்துக்கு, என் மனைவி போனைத் துடைத்துச் சார்ஜ் போட்டு ஐஸ் பெட்டி ஓரமாக உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் என்னைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"ஏங்க, நெட்டு போயிருச்சு."

"போகாது. பாரு."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். நம்ம வீட்ல மட்டும் இல்ல. தெருவுலயே இல்லையாம்."

அந்த நிமிஷம் எனக்குள் அணைந்து கிடந்த அறைகளில் ஒன்றில் மட்டும் விளக்கு எரிந்தது. துக்கம் இருந்த அறை இல்லை, பயம் இருந்த அறை. எனக்கு எப்போதும் முதலில் கரண்ட் வருவது அங்கேதான். சட்டை போடாமல், தோளில் துண்டோடு, வண்டியை எடுத்துக்கொண்டு முக்கத்துக்குப் பறந்தேன். கொள்ளி வைக்க வேண்டியவன் கேத வீட்டிலிருந்து பைக்கில் ஓடுவதைத் தெரு முழுக்கப் பார்த்தது. எங்களில் தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகன். அதாவது நான். ஓடிப்போக உரிமை இல்லாத ஒரே ஆள்.

கடை ஷட்டர் இறக்கியிருந்தது. அதில் ஒரு மாலை தொங்கியது. டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். என்னைவிட மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். சாவி ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும்.

"தம்பி, நீங்க ஏன் இங்கிட்டு வந்தீங்க? நான்தான் எல்லாம் பாத்துக்கிட்டேன்ல."

"என்னண்ணே பாத்தீங்க?"

"கடையச் சாத்துனேன். மால போட்டேன். உள்ள ஒங்க மிஷினு கெடந்து மினுக்கு மினுக்குன்னு லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பெத்த ஆத்தாவக் கெடத்தியிருக்கையில கல்யாண வீடு மாதிரி சீரியல் லைட்டு எரியலாமா? மெயின எறக்கிட்டேன். அப்பயும் எரிஞ்சுச்சு. அப்புறம் பேட்டரி ஒயரையும் கழட்டி விட்டேன்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆத்தா சந்தைக்குப் போகும்போதெல்லாம் அவர் கடையில்தான் உட்காருவாள். மெயினை இறக்கியது அவருக்கு அஞ்சலி. இடியும் புயலும் செய்யாததை மரியாதை செய்துவிட்டது. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.

"நல்லதுண்ணே" என்றுதான் வந்தது.

மெயினைப் போட்டேன். பேட்டரியை மாட்டினேன். பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. விளக்குகள் மினுக்கின. டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரையைப் பார்த்தேன். பெட்டிக்கு என்னைத் தெரிந்திருந்தது. மற்ற யாரையும் தெரியவில்லை. கடையை ஆரம்பித்த அன்று நான் எழுதி வைத்த நாலைந்து வீடுகள் மட்டும் இருந்தன. அதில் ஒரு வீடு இப்போது வீடே இல்லை, வாழைத்தோட்டம். எங்கள் வீட்டை நான் பிற்பாடுதான் சேர்த்தேன். அதைவிடக் கேவலம், லைன் கொடுக்கிற பெரிய கம்பெனியை நான் நடுவில் மாற்றியிருந்தேன். பெட்டி பழைய கம்பெனியின் வாசலில் போய் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.

எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். புதிய கம்பெனி கொடுத்த எண்களை நான் எங்கும் குறித்து வைக்கவில்லை. பெட்டிக்குள்தானே இருக்கிறது என்ற தைரியம். அவர்களுக்கே போன் போட்டேன். முக்கத்தில் ஊரைவிடச் சிக்னல் கொஞ்சம் தேவலை.

"வணக்கம் சார், உங்க கம்ப்ளைன்ட் டிக்கெட் நம்பர் சொல்லுங்க."

"டிக்கெட் எல்லாம் இல்லைங்க. ரவுட்டர் அழிஞ்சுபோச்சு. எனக்குக் கொடுத்த ஐ.பி. நம்பர்லாம் வேணும். கொஞ்சம் அவசரம். எங்கம்மா எறந்துட்டாங்க."

"சாரி சார்... அம்மா எறந்ததுக்கும் ரவுட்டருக்கும்...?"

"சம்பந்தம் இருக்குங்க. சொன்னா நேரமாகும்."

பாவம், நல்ல பையன். டிக்கெட்டை அவனே போட்டு, என்னிடம் நான் யார் என்பதற்கு நாலு கேள்வி கேட்டு, எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒவ்வொரு புள்ளிக்கும் "டாட்" என்றான். நானும் திருப்பி "டாட்" என்றேன். ஏதோ மந்திரம் ஓதுகிறோம் என்று நினைத்த டீக்கடைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

பாதியில் மாமா வந்துவிட்டார். மொபெட்டை நிறுத்தக்கூட இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்க, அதன் மேலிருந்தே கத்தினார்.

"நீர்மாலைக்கு எல்லாரும் நிக்கிறாங்க. கொள்ளிக்காரனக் காணோம்! இங்க என்ன மாப்ள யாவாரம்?"

"அண்ணன் பாக்கணும் மாமா. லைன் இல்ல."

"போட்டா புடிச்சு அனுப்பு!"

முக்கத்திலிருந்து போட்டோ போகும் என்பது எனக்கும் தெரியும். அண்ணனுக்கு உடனே போன் போட்டேன். லைன் கோளாறு, போட்டோ அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"ஆத்தாவ போட்டாவுல பாக்குறதுக்கு எனக்கு இனி காலம் பூரா இருக்குடா" என்றான். திட்டவில்லை. ஓசி என்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாமாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். மொபெட்டை நிறுத்தினார். இறங்கி, ஷட்டருக்கு வெளியே நின்று வானத்தைப் பார்த்தார். "சட்டுனு பாரு" என்றார். "நான் போயி வேட்டு வாங்கிட்டு வந்தேன்னு சொல்லிக்கிறேன்."

அப்போதுதான் புத்தி வந்தது. நான் எல்லா வீடுகளையும் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அரண்டுபோனால் எனக்கு ஒழுங்கு வந்துவிடும், அகர வரிசையில் பயப்படுவேன். எல்லாரையும் அழித்தேன். எங்கள் வீடு ஒன்று மட்டும். மொத்த ஊருக்கும் வாங்கி வைத்த லைன் முழுவதும் அந்த ஒரு வீட்டுக்கு. கமிட்.

விளக்கு மினுக்கியது. மனைவி போன் பண்ணினாள். பின்னால் ஒப்பாரிச் சத்தம். "வந்துருச்சுங்க. பெரியத்தானும் வந்துட்டாரு. நீங்களும் வாங்க."

வீட்டுக்குப் போனபோது ஐஸ் பெட்டி மூடியைத் தூக்கியிருந்தார்கள். கண்ணாடி பனி படிந்து முகம் தெரியவில்லை என்று அண்ணன் சொன்னானாம். மனைவி போனை ஆத்தாவின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அசையவே இல்லை. கண் இமைகூட.

படம் நின்றுவிட்டது. எதையோ தப்பாகப் போட்டிருக்கிறேன். மறுபடி முக்கத்துக்கு ஓட வேண்டும், மாமா மறுபடி வேட்டு வாங்கப் போக வேண்டும். வண்டிச் சாவியைத் தேடி எடுத்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன், அவனுக்குப் பின்னால் சுவரில் ஒரு மின்காத்தாடி. அது சுற்றிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் திரும்பி, கொஞ்சம் நின்று, அந்தப் பக்கம் திரும்பியது. லைன் சரியாகத்தான் இருந்தது. நின்றுபோயிருந்தது அண்ணன்தான்.

சாவியைப் பையில் போட்டேன். வேட்டியில் பை இல்லை. சாவி காலடியில் விழுந்தது.

எவ்வளவு நேரம் அப்படி என்று தெரியாது. கடைசியில், "போதும்டா, எடுங்க" என்றான். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நீர்மாலைக்குக் குரல் கொடுத்தார். பங்காளிகளோடு போய்க் குளித்துத் தண்ணீர் எடுத்து வந்தேன். கோடித் துணி போட்டார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். அதற்கு நடுவே எதிர் வீட்டுக்காரர் என் காதருகே வந்தார். "தம்பி, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்... நெட்டு எப்ப வரும்?"

"எடுத்ததும் வந்துரும்ணே" என்றேன்.

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். அண்ணன் அவர்களோடு வீட்டில் இருந்துகொண்டான். ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் ஏற்றி வைத்த காமாட்சி விளக்கின் பக்கத்தில், ஒரு செம்பில் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவன் லைனைத் துண்டிக்கவில்லை, துண்டிக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவும் இல்லை.

கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். தப்பு மேளச் சத்தம், வேட்டுச் சத்தம், புகை. எதுவும் எனக்குள் இறங்கவில்லை. கால் இருந்தது, நடந்தது. சுடுகாட்டுக்கு முக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊர்வலம் நெருங்க நெருங்க, வழக்கம்போல் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். உரக்கடைக்காரர் இறக்கினார். டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்தார். பிறகு, என் கடையைப் பார்த்தார். அவசரத்தில் நான் பாதி மட்டும் இறக்கிவிட்டுப் போன ஷட்டருக்கு உள்ளே விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அவர் குனிந்து உள்ளே நுழைவதைப் பார்த்தேன்.

நான் சேவ் பண்ணவில்லை. இந்தத் தடவையும் கமிட் மட்டும்தான்.

"அண்ணே!" என்று கத்தினேன். "தொடாதீங்கண்ணே! அணைக்காதீங்க! அதை மட்டும் அணைக்காதீங்கண்ணே!"

தப்பு அடித்தவர் நிறுத்திவிட்டார். கொள்ளிச் சட்டி என் கையில் ஆடியது. குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. ஒருமுறை கத்தியதும் நிறுத்தத் தெரியவில்லை. டீக்கடைக்காரர் கையை எடுத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். அதன் பிறகும் நான் "அணைக்காதீங்க, அணைக்காதீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமா என் முதுகில் கை வைத்தார். பின்னால் வந்தவர்களிடம், "விடியக்காலையிலேருந்து கல்லு மாதிரி நின்னான். இப்பத்தான் வாய் விட்டு அழுகுறான். அழட்டும், விடுங்க" என்றார். நான் அவரைத் திருத்தவில்லை. திருத்துவதற்கு என்ன இருந்தது என்றும் தெரியவில்லை.

சுடுகாட்டில் காரியம் முடிந்து திரும்பும்போது கடை வாசலில் நின்றேன். குளிக்காமல் உள்ளே போகக் கூடாது என்று டீக்கடைக்காரர் குறுக்கே நின்றார். "நீங்க சொல்லுங்க தம்பி, நான் செய்றேன்" என்றார். கீபோர்டை அவர் முன்பின் தொட்டதில்லை. ஒவ்வொரு எழுத்தையும் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்தே கைகாட்டினேன். ஆள்காட்டி விரலால், டீயில் ஈ விழுந்ததா என்று பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்து, எஸ், ஏ, வி, இ என்று நாலு எழுத்தையும் தட்டினார்.

"இப்ப அந்தப் பெரிய பட்டனை அமுக்குங்கண்ணே. எண்டர்."

அமுக்கினார். திரையில் என்ன வருகிறது என்று கேட்டேன். ஏதோ ஒரு வரி இங்கிலீசில் வந்து நின்றுவிட்டது என்றார். அது போதும் என்றேன்.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூடம் கழுவியிருந்தது. செம்பில் சாய்த்த போன் அப்படியே இருந்தது, சார்ஜர் மாட்டியிருந்தார்கள். அண்ணன் வேலைச் சட்டையோடு சுவரில் சாய்ந்து தூங்கியிருந்தான். பின்னால் காத்தாடி இந்தப் பக்கம் திரும்பி, நின்று, அந்தப் பக்கம் திரும்பியது.

"பெரியத்தான் தூங்கிட்டாரு. கட் பண்ணிறவா?" என்று மனைவி கேட்டாள்.

ஊரில் வேறு யாருக்கும் இன்னும் நெட் வரவில்லை. நாளைக்கு எல்லாரும் திட்டுவார்கள். நான் சுவரில் சாய்ந்து, போனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"இருக்கட்டும்" என்றேன்.